சிரிக்கிறவர்களை அனுப்பிய ஊர்

புன்னைத்துறையில் யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், வக்கீலுக்குப் போன் செய்வதற்கு முன்னால் பிரகாசிக்குத்தான் போன் செய்வார்கள். பிரகாசி சட்டம் படித்தவள் அல்ல. மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிறவள். நாற்பத்தாறு வயது. அலைச் சத்தத்தை மீறிக் கேட்கும் தொண்டை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாங்க வேண்டாம் என்று நினைத்த மீனையும் வாங்கிப் போவார்கள். அந்த வாய்க்காகத்தான் போன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அது வில்லைச் சட்டம் வந்த நான்காவது வருடம். ஸ்டேஷனுக்குள் நடந்து போனவர்கள் துணி சுற்றி வெளியே வந்த கதைகள் பெருகிப்பெருகி, ஊர்கள் கொதித்து, கடைசியில் அரசாங்கம் ஒரு கருவியைக் கொண்டுவந்திருந்தது. காக்கிச் சட்டையின் இடது பையில் குத்திக்கொள்ளும் வில்லை, பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. போட்டிருப்பவரின் நாடியை, மூச்சை, குரலை, சுற்றி நடக்கும் பேச்சை அது விடாமல் கவனிக்கும். பிடிபட்டவர் மீதோ அவருக்கு வேண்டியவர்கள் மீதோ போலீஸ்காரருக்குப் பிரியமும் இருக்கக் கூடாது, வெறுப்பும் இருக்கக் கூடாது. மனம் சமமாக இருந்தால் வில்லை பச்சை. பிரியம் காட்டினால் மஞ்சள். கோபம் வந்தால் சிவப்பு. நிறம் மாறிய நிமிடமே வழக்கு அவர் கையைவிட்டுப் போய்விடும். வேறொருவர் வர வேண்டும்.

நல்ல எண்ணத்தில் செய்த கருவிதான். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பிரியத்தை வில்லை எப்படிக் கண்டுபிடிக்கும்? சிரிப்பில்தான். சேர்ந்து சிரித்துவிட்டால் தீர்ந்தது. இதை முதலில் புரிந்துகொண்ட ஊர் புன்னைத்துறை. சிரித்த அதிகாரிக்குப் பதில் ஆள் வெளியூரிலிருந்து வர மூன்று மணி நேரமாகும். வந்தவரையும் சிரிக்க வைத்தால் இன்னும் மூன்று மணி. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். ஆக, ஏழெட்டுச் சிரிப்பில் ஒரு நாளைத் தள்ளிவிடலாம். ஊரில் அதற்குச் 'சிரிப்பு வைக்கிறது' என்று பெயர். பிரகாசி இதுவரை ஒன்பது பேருக்குச் சிரிப்பு வைத்திருந்தாள். ஒன்பது பேரும் ஓர் அடி படாமல் வீட்டுக்கு வந்தார்கள்.

பத்தாவதாகப் பிடிபட்டவன் அவளுடைய சொந்தத் தம்பி கஸ்பார்.

அவனாகவே போய் மாட்டினான். கடலுக்கு மேலே சுற்றுகிற போலீஸின் பறக்கும் கேமராவை ஊரில் காக்கா என்பார்கள். விடியற்காலையில் அப்படி ஒரு காக்கா இறக்கை முறிந்து கஸ்பாரின் வலையில் கிடந்தது. காற்றில் விழுந்திருக்கும். தூக்கி எறியாமல், துடைத்து, துண்டில் சுற்றி, ஒன்பது மணிக்கு அவனே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனான். வாசலில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் கார்வண்ணனிடம், அக்காளின் தம்பியல்லவா, சும்மா கொடுக்க வாய் வரவில்லை.

"சார், ஒங்க காக்காய நாங்கதான் புடிச்சோம். கொழம்பு வைக்கலாம்னு பார்த்தோம், ஒரே முள்ளு" என்றான்.

கார்வண்ணன் சிரிக்கவில்லை. வில்லை அந்த வாக்கியத்தை எழுத்தாக்கிக் கொடுத்திருந்தது. அவர் அதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். "நாங்கதான் பிடித்தோம் என்கிறீர்கள். நாங்கள் என்றால் யார் யார்?"

கஸ்பார் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தானாம்.

பிரகாசி ஸ்டேஷனுக்குப் போகும்போது பதினொரு மணி. பின்னாலேயே கஸ்பாரின் மனைவி மெர்லின், இடுப்பில் பிள்ளையோடு. அதற்கும் பின்னால் ஏலக்கூடத்திலிருந்து ஒரு முப்பது பேர். அவர்கள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

"மைனி, அடிச்சிருப்பாவளோ?" என்று நாத்தனாரைக் கேட்டாள் மெர்லின்.

"பேசாம வா பிள்ளா. பெருமாள் ஏட்டையாதான் மேசையில இருக்காராம். அவரு என் கையில அரை நிமிசம் தாங்க மாட்டாரு."

உண்மைதான். ஏட்டு சிவனணைந்தபெருமாளுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. அகலமான முகம், தொங்கு மீசை. சிரிப்பு வந்தால் முதலில் தோள்தான் குலுங்கும். அவர் கணக்கில் ஏற்கெனவே இரண்டு மஞ்சள். மூன்றாவது விழுந்தால் ஸ்டேஷன் வேலை போய்விடும். லாரி எண்ணிக்கொண்டிருக்கிற சோதனைச்சாவடிக்குத் தள்ளிவிடுவார்கள். பிரகாசிக்கு அது தெரியும். பாவம்தான். ஆனால் உள்ளே இருப்பது தம்பி.

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். என்றைக்கும் இல்லாத கல் முகம்.

"போயிரு, பிரகாசி."

"வந்த ஆள ஒக்காருன்னு சொல்ல மாட்டேளா ஏட்டையா?"

"ஒன் தம்பி வழக்கு என் பேர்ல இருக்கு. நாளைக்குக் காலையில கோர்ட்டுக்கு வா. இங்க வாயைத் தொறக்காத. நான் சொல்லுதது வெளங்குதா? இன்னைக்கு வேண்டாம்."

அவர் கண் அவளை விட்டு விலகவே இல்லை. வேறு யாராவது அந்தக் கண்ணைப் படித்திருப்பார்களோ என்னவோ. பிரகாசி படித்தது முகத்தை மட்டும். மூன்றாவது மஞ்சளுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் எதுக்கு வாயைத் தொறக்கப் போறேன்? ஒங்க வீட்டம்மாவப் பத்தி ஒரு புகார், அவ்வளவுதான். நேத்து ஏலக்கூடத்துக்கு வந்தாவ."

ஏட்டு பதிவேட்டைத் திறந்து அதில் குனிந்துகொண்டார்.

"நெத்திலி வாங்க வந்தாவ. ஒவ்வொரு நெத்திலியா எடுத்து, செவுளத் தொறந்து பாக்காவ. ஒரு நெத்திலி, ரெண்டு நெத்திலி, பின்னால வரிசை கடல் வரைக்கும் நிக்கி. அக்கா, நெத்திலிக்குப் போயி யாராவது செவுள் பாப்பாவளான்னேன். அதுக்கு என்ன சொன்னாவ தெரியுமா? முப்பது வருசமா ஒரு போலீஸ்காரரோட குடும்பம் நடத்துதேன், எதையும் தொறந்து பாக்காம நம்ப மாட்டேன்னாவ."

ஏட்டு கீழுதட்டைக் கடித்தார். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போ பிரகாசி" என்றார். குரல் கெஞ்சியது.

"போறேன் போறேன். கடைசியில ஒண்ணுகூட வாங்கல்ல ஏட்டையா. என்னக்கான்னா, எல்லாம் முழிச்ச கண்ணோட செத்துக் கெடக்கு, இது இயற்கை மரணமாத் தெரியலன்னுட்டுப் போயிட்டாவ."

தோள் குலுங்கியது. ஒருமுறை. அடக்கினார். பிறகு மூக்கு வழியாக வெடித்து, மீசை பறக்க, மேசை மேல் கவிழ்ந்து சிரித்தார். வேலிக்கு வெளியே முப்பது பேரும் சிரித்தார்கள். மெர்லின்கூடக் கண்ணீருக்கு நடுவில் சிரித்துவிட்டாள். வில்லை மஞ்சளானது. சுவரில் இருந்த திரையில் சிவனணைந்தபெருமாளின் பெயர் அழிந்தது.

ஏட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் மிச்சம் இருந்தது.

"என்ன காரியம் செஞ்ச, பிரகாசி" என்றார். "இனிமே பேசலாம், எம் பேரு அழிஞ்சாச்சு. காலையிலேர்ந்து மூஞ்சியக் கல்லாக்கி வச்சிருந்தேன். நானே வழக்கக் கேட்டு வாங்கினேன். எம் பேர்ல இருக்குத வரைக்கும் அந்த அறைக்குள்ள இன்னொருத்தன் நுழைய முடியாது. நாளைக் காலை வரைக்கும் அவனத் தூங்க வச்சிருப்பேன். அத ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? சொன்னா இந்தச் சனியன் கேட்டுக்கிட்டுல்லா இருக்கு."

பிரகாசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மாத்து ஆளு வர மூணு மணி நேரம்..."

"அது போன மாசம். இப்பம் பக்கத்து அறையிலேர்ந்து வரலாம்னு ஆர்டர் வந்தாச்சு."

"பக்கத்து அறையில யாரு இருக்கா?"

"யாரு மிச்சம்? நீயே சொல்லு. போன வருசம் இன்ஸ்பெக்டரம்மாவச் சிரிக்க வச்ச, அவுக இப்பம் ஆவணக் கிடங்குல தூசி தட்டுதாவ. அந்தோணிராசு, பட்டமுத்து, ரைட்டரு, எல்லாரும் போயாச்சு. சிரிக்கத் தெரிஞ்சவன் ஒவ்வொருத்தனா நீங்கதாம்மா அனுப்பி வச்சீங்க. சிரிக்கவே வராதவன் ஒருத்தன் மிஞ்சியிருக்கான்."

உள்ளே ஒரு கதவு திறந்து மூடியது. கார்வண்ணன் அவசரமில்லாமல் நடந்து வந்து, திரையில் தன் பெயரைத் தொட்டார். மடிப்புக் கலையாத சட்டை. பச்சை வில்லை.

"வணக்கம்மா. வெயில்ல நிக்காதீங்க. அந்தப் பக்கம் நிழல் இருக்கு" என்றார். குரலில் நிஜமான மரியாதை இருந்தது. பிறகு கஸ்பார் இருந்த அறைக்குள் போனார்.

"அந்தாளு கையை ஓங்கினா செவப்பாகும்லா ஏட்டையா? கோவமும் குத்தந்தான?"

"கோவம் வந்தாத்தான குத்தம்" என்றார் ஏட்டு. "அந்தாளுக்கு வராது. அடிக்கிறப்போ நாடி எழுபத்திரண்டு. நான் பார்த்திருக்கேன். மரம் அறுக்கிறவன் மாதிரி."

அப்போது முதல் சத்தம் வந்தது. கஸ்பாரின் சத்தம். பிறகு ஓர் இடைவெளி. ஏதோ கேள்வி, தாழ்ந்த குரலில். மறுபடியும் சத்தம். மெர்லின் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

சுவர்க் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. நாளைக் காலை ஒன்பது வரைக்கும் தம்பி தாங்க மாட்டான். பிரகாசிக்கு அது தெரிந்துவிட்டது. கஸ்பாருக்குச் சொல்ல ஒரு பெயரும் கிடையாது. காக்காயைத் தள்ளியது காற்று. இல்லாத பெயரை எங்கிருந்து கக்குவான்?

அவள் இருபத்தைந்து வருடமாக மனிதர்களைப் பார்த்து ஏலம் கூறுகிறவள். படகு முழுகினாலும் அசையாத முதலாளிகளைப் பார்த்திருக்கிறாள். அதே முதலாளி கூறிய விலைக்கு நாலு பொம்பளைகள் வாய் பொத்திச் சிரித்தால், முகம் கறுத்துக் கையை ஓங்கிக்கொண்டு வருவான். அடிப்பதற்குக் கோபம் தேவைப்படாதவனுக்கும் ஏதோ ஓரிடத்தில் கோபம் இருக்கும். அது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாள். நினைத்தாள், அவ்வளவுதான், நிச்சயமில்லை.

வெளியே போய்க் கொடிக்கம்பத்து மேடையில் ஏறி நின்றாள். ஏலக்கூடத்துக் குரலை எடுத்தாள்.

"ஏலம்! ஏலம்! புது மீனு வந்திருக்கு, வாங்க! கரையில கெடைக்காத மீனு. ஆறடி நீளம். இஸ்திரி போட்ட மீனு!"

கூட்டம் திகைத்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவர், "பேரு என்ன மீனு?" என்று கேட்டார்.

"பேரு கார்வண்ணன்! ஐஸு போட வேண்டாம், உள்ளயே ஐஸுதான். என்ன தாறீங்க?"

"ஒரு பீடி தாறேன்!"

"முழு பீடியா? மனசாட்சி உண்டா ஒமக்கு? குடிச்சு முடிச்ச பீடி யாராவது?"

"ஒத்தச் செருப்பு!"

"வலது காலா, இடது காலா?"

"அறுந்ததும்மா!"

சிரிப்பு எழுந்தது. பயந்த சிரிப்புதான். உள்ளே கேட்கிற சத்தத்தை மூடுவதற்காகவே இன்னும் உரக்கச் சிரித்தார்கள். நான்கு பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். அறைக்குள் சத்தம் நின்றது. கார்வண்ணன் வாசலுக்கு வந்தார். பச்சை.

"அம்மா, இது அரசு வளாகம். இறங்குங்க."

"பேசுது! பேசுத மீனு! விலைய ஏத்துங்கப்பா!"

"உங்கள் மேலும் வழக்கு வரும்மா."

"பூனைக்குப் போடலாமா இத?" பிரகாசி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பூனை மோந்து பார்த்துட்டுப் போயிரும்!" என்றாள் ஒருத்தி.

"சும்மா தாறேன். எடுத்துக்கிட்டுப் போங்க. யாருமே வேண்டாமா? ஒருத்தருக்குமா வேண்டாம்? ஐயா, கோவிச்சுக்காதீங்க. எங்க ஊருல தெருநாய்க்குக்கூட ஒரு வீடு கெடைச்சிரும். ஒங்களக் கேக்க ஆளில்லையே!"

அந்தச் சிரிப்பு பயந்த சிரிப்பு அல்ல. முப்பது பேரும் அவர் முகத்தைப் பார்த்தே சிரித்தார்கள். வாசலுக்குள் நின்ற பெருமாள் ஏட்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கார்வண்ணனின் கழுத்து நரம்பு ஒன்று எழுந்தது. அவர் மூன்று எட்டில் மேடைக்கு வந்தார். லத்தி பிரகாசியின் தாடையில் இறங்கிய சத்தம், காய்ந்த தேங்காய் மட்டை முறிவதுபோல் இருந்தது என்று மெர்லின் பின்னால் சொன்னாள்.

கீழே விழுந்தவள் கையை ஊன்றித் தலையைத் தூக்கி அவருடைய சட்டைப் பையைத்தான் பார்த்தாள். சிவப்பு.

நடுநிலையான அதிகாரி ஒருவரும் இல்லாத நிலையத்தில் யாரையும் வைத்திருக்கக் கூடாது. அதுவும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. இதுவரை எந்த ஊரிலும் தேவைப்படாத பிரிவு. பெருமாள் ஏட்டு அதைத் திரையில் தேடி எடுத்து உரக்க வாசித்தார். ஒரு மணிக்குள் கஸ்பாரை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் தாங்கித் தூக்கிப் போனார்கள், பாதத்தைத் தரையில் ஊன்றவே முடியாததால். இடது காது அன்றைக்குப் போனது, திரும்பி வரவில்லை. ஆனால் உயிர் இருந்தது. ஜாமீனில் வந்தான். இப்போதும் கடலுக்குப் போகிறான், படகில் உட்கார்ந்தபடி செய்யும் வேலைகளுக்கு.

பிரகாசியின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். இரண்டு மாதம் கஞ்சியும் உறிஞ்சுகுழலும். பேச்சு கிடையாது. ஏலத்தை வேறொருத்தி கூறினாள்.

ஆறாவது வாரம் பெருமாள் ஏட்டு வீட்டுக்கு வந்தார். சோதனைச்சாவடி லாரிகளின் புழுதி மீசையில் படிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பிரகாசிக்கும் மெர்லினுக்கும் பொதுவாக வாசித்தார்.

"'புன்னைத்துறை நிகழ்வின் அனுபவத்தில் கருவி திருத்தப்படுகிறது. பணியின்போது எழும் சினம் கடமையின் இயல்பான பகுதியாகக் கருதப்படும். அதற்கு விலகல் தேவையில்லை.' கீழ இன்னும் ஒரு வரி இருக்கு."

"என்ன வரி?" என்றாள் மெர்லின்.

"'சிரிப்பு குறித்த விதியில் மாற்றமில்லை.'"

பிரகாசி தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். ஏட்டுக்குத் தேநீர் வைக்கச் சொல்லி மெர்லினுக்குக் கை காட்டினாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை லிகோரியைப் பிடித்தார்கள். பிரகாசி அடிபட்டதைப் போனில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவன். கார்வண்ணன் திரும்பவும் பணிக்கு வந்திருந்தார். பழக்க தோஷம், லிகோரியின் அம்மா பிரகாசிக்குத்தான் போன் செய்தாள். பிறகுதான் அவளால் பேச முடியாதென்ற நினைவு வந்து, போனிலேயே அழுதாள்.

பிரகாசி போனாள். மெர்லின் வந்தாள். ஏலக்கூடமே வந்தது. ஸ்டேஷன் வாசலுக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, பிரகாசி ஒரு தாளை மெர்லினிடம் கொடுத்தாள்.

மெர்லின் மெதுவாக வாசித்தாள். "இன்னைக்கு யாரும் சிரிப்பு வைக்கக் கூடாது. யாரும் யாரையும் ஏசவும் கூடாது. உள்ள நல்லவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கலாம். அவங்க மூஞ்சியக் கலைச்சிராதீங்க. நீங்களும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நில்லுங்க."

மேசையில் புதிதாக வந்த பெண் காவலர் இருந்தாள். பெயர் முத்தரசி, மலையோரத்து ஊர்க்காரி. லிகோரியின் வழக்கு அவள் பெயரில் இருந்தது. கேட்டு வாங்கினாளா, தானாக விழுந்ததா, யாருக்குத் தெரியும்? கார்வண்ணன் உள்ளறை வாசலில் நாற்காலி போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். முத்தரசியின் வில்லையை அடிக்கடி நிமிர்ந்து பார்த்தார்.

மணி மூன்றிருக்கும். எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்தது. வராந்தாவில் ஏறி, சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அந்தத் திருத்த ஆணையை மோந்து பார்த்தது. ஒரு முனையைக் கடித்து நேர் பாதியாகக் கிழித்தது. மென்றுகொண்டே, முத்திரை தாடியில் தொங்க, மேசைக்கு முன்னால் வந்து நின்று முத்தரசியைப் பார்த்தது. மனு கொடுக்க வந்ததைப் போல.

முத்தரசியின் உதட்டு ஓரம் நடுங்கியது. அவள் கண் தன்னையறியாமல் கூட்டத்தின் பக்கம் போனது. சிரிப்பு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே, துணைக்கு இன்னொரு முகத்தைத் தேடுவார்கள்.

அவளுக்கு ஒரு முகமும் கிடைக்கவில்லை. புன்னைத்துறை முழுவதும், சாவு வீட்டிலும் கேலி பேசுகிற சனம், நாற்பது பேரும் அவளைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மெர்லின் பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள். லிகோரியின் அம்மா தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்ற பிரகாசிக்குத் தாடைக்குள் கம்பி இழுத்து வலித்தது. வலி எதனால் என்று அவளுக்கு மட்டும் தெரியும். முகத்தை இன்னும் கடுமையாக்கிக்கொண்டாள்.

முத்தரசியின் முகம் மெல்ல அடங்கியது. அவள் எழுந்து ஆட்டைக் கைதட்டி விரட்டினாள். லிகோரி இருந்த அறையை இழுத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து அதட்டினாள்.

"என்ன வேடிக்கை? தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்கள். வில்லை பச்சையாக இருந்தது. கார்வண்ணன் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

மறுநாள் காலை லிகோரி தன் காலால் நடந்து கோர்ட்டுக்குப் போகும்போது, வழியில் முத்தரசி நின்றிருந்தாள், சட்டைப் பையில் பச்சை வில்லையோடு. ஊரில் ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.